தவக்காலம்: எங்கள் பங்கில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தின் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி கற்பிக்கும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும், உயிர்ப்புத் திருநாளுக்கு ஆயத்தமாகும் தவக்காலம் தொடங்கும் நாளான விபூதிப் புதனுக்கு முந்திய கிழமையிலிருந்து அநேகமாக ஒரே கேள்விகளே வந்துகொண்டிருக்கின்றன. கோயில் முற்றத்திலும், வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வரும் பெற்றோரிடமிருந்தும், சில வேளைகளில் சந்தையில் மீன் வாங்கும் இடத்திலும் அவை கேட்கப்படுகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை எழுதி, மறுமொழிகளை அவற்றின் கீழே சேர்த்திருக்கிறேன். திருச்சபையின் சட்டம் எங்கே முடிகிறது, என் சொந்த அபிப்பிராயம் எங்கே தொடங்குகிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் கவனமாக இருந்திருக்கிறேன். தனிப்பட்ட உடல்நிலை, மனச்சாட்சி பற்றிய சிக்கல்களைப் பங்குத்தந்தையிடமே கொண்டுசெல்ல வேண்டும்.

நாப்பது நாள் எண்டு சொல்லுகினம். கலண்டரிலை எண்ணினால் நாப்பத்தாறு வருகுது. எது சரி?

இரண்டும் சரி. விபூதிப் புதன் தொடக்கம் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றுள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளன. ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவரின் உயிர்ப்பை நினைக்கும் நாளாகையால் அது நோன்பு நாளாகக் கணக்கிடப்படுவதில்லை. அவற்றைக் கழித்தால் 40 மிஞ்சும். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாட்களையும், அதற்கு முன் மோசே சீனாய் மலையில் இருந்த 40 நாட்களையும், எலியா ஓரேபு மலையை நோக்கி நடந்த 40 நாட்களையும் இந்த எண் நினைவூட்டுகிறது.

பிறகேன் ஒவ்வொரு வருஷமும் திகதி மாறுது? நத்தார் மாறுறேல்லையே?

உயிர்ப்புத் திருநாள் நிலவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மார்ச் 21ஆம் திகதியன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே அந்நாள். ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் விபூதிப் புதன் கிடைக்கும். 2026இல் அது பெப்ரவரி 18. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5.

விபூதி பூசுறது சைவ ஆக்களின்ரை வழக்கமெல்லோ? எங்கடை கோயிலிலை ஏன் பூசுகினம்?

பெயர் ஒன்று, பொருள் வேறு. முந்திய ஆண்டுக் குருத்தோலை ஞாயிறில் மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுசென்ற ஓலைகளைத் திரும்பச் சேர்த்து எரித்த சாம்பலே எங்கள் நெற்றியில் இடப்படுகிறது. யோனாவின் சொல்லைக் கேட்ட நினிவே அரசன் அரியணையை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான் என்று வேதாகமம் சொல்கிறது. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்ற தொடக்க நூலின் சொல்லையோ, மனம் மாறி நற்செய்தியை நம்புமாறு இயேசு விடுத்த அழைப்பையோ சொல்லிக் குரு அதைப் பூசுவார். அயல்வீட்டுச் சைவப் பெரியவர் நாள்தோறும் திருநீறு அணியும்போதும் உடல் சாம்பலாகும் என்ற நினைவு அங்கே உண்டு. இந்த நெருக்கத்தையிட்டு நாம் கூச்சப்பட ஏதுமில்லை என்பதே என் எண்ணம்.

இது அருட்சாதனம் அன்று. ஆகவே சிறுபிள்ளையும், நற்கருணை வாங்காதவரும், வேறு சமயத்தவரும் விரும்பினால் பெற்றுக்கொள்ளலாம். பூசியதை அழிக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவுங்கள், மனிதர் பார்க்கவென்று வாடிய முகம் காட்டாதீர்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 6ஆம் அதிகாரமே அன்றைய நற்செய்தி. அதை வாசித்த கையோடு நெற்றியில் அடையாளம் இடுகிறோம். இந்த முரண் தற்செயலானதல்ல என்றே நான் எண்ணுகிறேன். அடையாளம் வெளியே தெரியும்போதே, யாருக்காக அது என்ற கேள்வியும் கூட வருகிறது. கழுவினாலும் கழுவாவிட்டாலும் பாவமில்லை.

ஒருசந்தி, சுத்தபோசனம் எண்டு சொல்லுகினமே, ரெண்டும் ஒண்டுதானோ?

இல்லை. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஒருசந்தி சாப்பாட்டின் அளவைப் பற்றியது: நாளில் ஒரு நேரம் மட்டுமே நிறைவான உணவு. 1966இல் பாப்பரசர் 6ஆம் பவுல் தவ ஒழுங்குகளைச் சீரமைத்தபோது, அந்த நாளில் காலையிலும் மாலையிலும் சிறிது உண்பதற்கு இடமளித்தார்.

இன்றைய சட்டப்படி ஒருசந்தி நாட்கள் ஆண்டில் இரண்டே: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சுத்தபோசனம் அவ்விரு நாட்களிலும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் 14 வயது நிறைந்த எல்லோருக்கும் உரியது. புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19ஓ, மங்கள வார்த்தைப் பெருவிழாவான மார்ச் 25ஓ வெள்ளிக்கிழமையில் வந்தால் மட்டும் அது விலகும். எங்கள் பாட்டன் பாட்டிமார் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி பிடித்தார்கள் என்றால், அது முந்திய சட்டமும் அவர்களுடைய பக்தியும் சேர்ந்த பழக்கம். விரும்பியவர் இன்றும் அவ்வாறு செய்யலாம். வீட்டில் மற்றவர்களின் தலையில் அதைச் சுமத்துவதுதான் கூடாது.

மச்சம் விலக்கு எண்டால் மீனும் மச்சம்தானே? வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாம் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?

யாழ்ப்பாணத்தில் மட்டும் இவ்வளவு அழுத்தமாக எழும் கேள்வி இது. எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். திருச்சபைச் சட்டம் விலக்கச் சொல்வதோ இறைச்சியை மட்டுமே. மீனும் முட்டையும் பாலும் அதில் சேரா. ஆகவே வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட்டவர் சட்டத்தை மீறவில்லை. இவ்வளவுதான் சட்டம்.

ஆனால் இச்சட்டம் இறைச்சியை விருந்தாகவும் மீனை எளிய உணவாகவும் கண்ட நாடுகளில் உருவானது. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் மீன் நாளாந்தச் சோறு. இறைச்சியோ பல வீடுகளில் ஞாயிறுக்கு மட்டும் வருவது. இறைச்சியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை நண்டும் இறாலும் திருக்கையும் போட்டு ஒடியற் கூழ் காய்ச்சிக் குடித்தால், சட்டம் காக்கப்பட்டிருக்கும், நாக்குக்கு அன்று திருவிழாவாகவும் இருந்திருக்கும். சைவ அயலவர்களின் வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் அடுப்பேறாது என்பதையும் நாம் அறிவோம். எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளிகளில் சோறும் பருப்பும் ஒரு கீரையும் மட்டும் சமைக்கிறோம். இதை விதியாகச் சொல்லவில்லை. சட்டம் எதற்காக இருக்கிறதோ அதை எங்கள் ஊர்ச் சமையலறையில் தேடியபோது கிடைத்த வழி இது.

இவர் தொழிலுக்குப் போறவர், ராவு முழுக்கக் கடலிலை. எனக்குச் சீனி வருத்தம். நாங்கள் ஒருசந்தி பிடிக்காட்டில் பாவமோ?

பாவமில்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், உடலை வருத்திக் கடுந்தொழில் செய்வோர் ஆகியோரை ஒருசந்தியின் கடமை நெருக்குவதில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிடுவது ஆபத்தானது. வைத்தியர் சொன்ன நேரத்தில் சாப்பிடுவதே அவருக்குரிய கீழ்ப்படிவு. இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு விடியற்காலையில் கரையேறுகிறவருக்குப் பசியைப் பற்றி மறைக்கல்வி ஆசிரியர் கற்பிக்க ஒன்றுமில்லை. அவர்கள் தவக்காலத்தை வேறு விதமாகக் காக்கலாம். அடுத்த இரண்டு மறுமொழிகள் அதைப் பற்றியவை.

போனை விடுறது, தேத்தண்ணி விடுறது, நாடகம் பாக்கிறதை விடுறது எல்லாம் நோன்போ? பெடியள் அப்பிடித்தான் சொல்லுகினம்.

நோன்பாக முடியும். ஆனால் விட்ட இடத்தில் என்ன வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மாலையில் இரண்டு மணித்தியாலம் போனைத் தொடாமலிருக்கும் பிள்ளை, அந்த நேரத்தில் அம்மம்மாவோடு இருந்து கதைத்தால், அல்லது வீட்டாரோடு சேர்ந்து செபமாலை சொன்னால், அந்த நோன்புக்கு ஒரு முகம் கிடைக்கிறது. அதே பிள்ளை விட்டதை எண்ணி எண்ணி எரிச்சலோடு திரிந்தால், வீட்டிலுள்ள மற்றவர்களே அந்த நோன்பைச் சுமக்கிறார்கள். இயேசு மலைப்பொழிவில் ஈகை, செபம், நோன்பு என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நோன்பை மட்டும் தனியே பிடுங்கி எடுத்தால் அது உடல் மெலியும் முயற்சியாக நின்றுவிடும்.

பெரிய பட்டியல் போட்டுத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கிழமையில் நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒன்றைத் தெரிந்தெடுத்து, எந்த நேரத்தில், யாருக்காக என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது.

விட்டுக்குடுத்த காசை என்ன செய்யிறது? மிச்சம்தானே, வீட்டுச் செலவுக்கு எடுக்கலாமோ?

என் பார்வையில் தவக்காலத்தின் மையமான கேள்வி இதுதான், ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுவே. இறைச்சி வாங்காத பணம் பணப்பைக்குள்ளேயே இருந்தால் நாம் செய்தது சிக்கனம். அது நல்ல பழக்கம், ஆனால் நோன்பு அன்று. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பரசரான பெரிய சிங்கராயர், நோன்பாளி உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாகட்டும் என்று மறையுரை ஒன்றில் கேட்டுக்கொண்டார். எசாயாவின் 58ஆம் அதிகாரம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது: பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டவரின் கட்டை அவிழ்ப்பதுமே கடவுள் விரும்பும் நோன்பு. விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று பூசையில் அந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது.

யாழ்ப்பாண வீடுகளில் இதற்கு ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. சோறு வைக்க அரிசி அளந்தெடுத்த பின், அந்த அரிசியிலிருந்தே ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துப் பக்கத்துச் சட்டிக்குள் போடுவார்கள். அதுதான் பிடியரிசி. என் அம்மம்மா தவக்காலத்தில் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அளந்த பிறகே எடுக்க வேண்டும், அளக்க முன்னம் எடுத்தால் அது மிச்சத்திலிருந்து கொடுப்பது என்று அவர் சொல்லுவார். இந்த வேறுபாடு எனக்கு விளங்க நெடுங்காலம் சென்றது. பங்கில் தவக்கால உண்டியல் தந்தால் அதில் போடுங்கள். அதோடு, பெயர் தெரிந்த ஒரு வீட்டையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் கேட்பேன். கொடுப்பது ஒருவருக்கும் தெரியாமல், வாங்குகிறவர் தலைகுனியாமல் போய்ச் சேரட்டும்.

சிலுவைப்பாதைக்குப் போக ஏலாதவை என்ன செய்யலாம்? வீட்டிலை செய்தால் பலன் இருக்கோ?

இருக்கிறது. இயேசு சிலுவை சுமந்து சென்ற பாதையை நினைக்கும் பதினான்கு நிலைகளையும் கோயிலில் நடந்து தியானிப்பது வழக்கம். நடமாட இயலாதவர் ஒரு சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தியானிக்கலாம். நாளுக்கு ஒரு நிலையாக எடுத்து இரண்டு கிழமைகளில் முடிப்பவர்களும் எங்கள் பங்கில் இருக்கிறார்கள், வேலையால் களைத்து வருகிறவர்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

இத்தோடு எங்களுக்கென்று ஒரு செல்வமும் உண்டு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்துத் தமிழில் ஆண்டவரின் பாடுகளைப் புலம்பிச் சொல்வது. அதை இழுத்து வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கும்போதே இளையவர்கள் அவர்கள் அருகில் இருந்து கேட்டுப் பழக வேண்டும் என்பது என் ஆசை. 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் மேடையேற்றிவரும் திருப்பாடுகளின் காட்சிகளையும் இப்படித்தான் பார்க்கிறேன்: அவை பார்த்துவிட்டுப் போவதற்கான நிகழ்ச்சிகளாக நின்றுவிடாமல், பார்த்தவர் பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு வேறு மனத்தோடு வருவதற்கு உதவுகின்றன.

தவக்காலத்திலை கச்சதீவுத் திருவிழாவுக்குப் போகலாமோ? கலியாணம் வைக்கலாமோ?

கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்துக்குள்தான் வருகிறது. அங்கே சிலுவைப்பாதையும் நடைபெறுகிறது. யாத்திரையாகப் போகிறவருக்கு அது தவக்காலத்தின் ஒரு பகுதியே. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் தீவிலும் பொருந்தும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கலியாணத்தைச் சட்டம் முழுவதாகத் தடுக்கவில்லை; பெரிய வெள்ளியிலும் அதற்கடுத்த சனியிலும் மட்டும் கூடாது. மற்ற நாட்களில் நடத்த நேர்ந்தால் ஆடம்பரத்தைக் குறைத்துக் காலத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பின்போட முடிந்தால் உயிர்ப்புக் காலத்தில் வைப்பதே அழகு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் விடுமுறையைப் பார்த்துத் திகதி குறிக்கும் நிலை எங்கள் வீடுகளில் இருப்பதை நான் அறிவேன். அதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன்.

என்ரை சிநேகிதி தென்னிந்தியத் திருச்சபை. அவை லெந்து நாள் எண்டு சொல்லுகினம். அதுவும் இதுதானோ?

அதே நாற்பது நாட்கள்தான். தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளிலும் இக்காலம் உண்டு. சுத்தபோசனச் சட்டம் போன்றவை அங்கே கத்தோலிக்கருக்கு உள்ளதுபோலக் கடமையாக வைக்கப்படவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் அவர்களுடைய ஆராதனைக்கு ஒருமுறை சிநேகிதியோடு போய் இருந்து பாருங்கள்.

ரெண்டு கிழமை ஒழுங்காய் இருந்திட்டு மறந்துபோய் முறிச்சுப்போட்டன். இனித் தொடர்ந்து என்ன பிரயோசனம்?

மறதியாகச் செய்தது பாவமே அன்று. நீங்களாக எடுத்துக்கொண்ட ஒறுத்தலைத் தவறவிட்டதும் சட்டமீறல் அன்று. அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்று முறை விழுகிறார். மூன்றுக்கும் தனித்தனி நிலை வைத்துத் திருச்சபை நின்று செபிக்கிறது.

பாவசங்கீர்த்தனம் செய்து பத்து வருஷத்துக்கு மேலை. சுவாமி ஏசுவாரோ எண்டு பயமாய்க் கிடக்கு.

கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. தவக்காலத்தில் பங்குகளில் அதற்கென்று வெளிக் குருக்களையும் அழைத்து நேரம் ஒதுக்குவார்கள். நீண்ட காலமாகிவிட்டது, முறை மறந்துவிட்டது என்று முதலிலேயே சொல்லுங்கள். குருவே கேள்வி கேட்டு நடத்திச் செல்வார். நீங்கள் சொன்னதை அவர் எக்காரணத்தாலும் வெளியிட முடியாது. உங்கள் குரலை அறிந்த பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால் வேறு கோயிலுக்குப் போகலாம், அதில் தவறில்லை.

காணிப் பிரச்சினையாலை அண்ணையோடை ஏழு வருஷமாய்க் கதைபேச்சு இல்லை. நான் ஒருசந்தி பிடிச்சு என்ன?

கேட்டவரே பாதி மறுமொழியைச் சொல்லிவிட்டார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகுமாறு இயேசு சொல்கிறார். அதிலும், உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லாமல், அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவுவந்தால் என்றே சொல்கிறார். பிழை யாருடையது என்ற வழக்கு தீரும்வரை காத்திருக்க அந்த வசனம் இடம் தருவதில்லை.

ஆனால் ஒப்புரவு வேறு, உறுதி எழுதிக் கொடுப்பது வேறு. எல்லைப் பிணக்கு நீதிமன்றத்தில் இருந்தால் அது அங்கே நடக்கட்டும். அதற்கும் அண்ணனின் பிள்ளை வீதியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்புவதற்கும் தொடர்பில்லை. பெரிய சமரசத்தை ஒரே நாளில் தேடாமல், சிறிய வாசல் ஒன்றைத் திறந்து பாருங்கள்: அண்ணிக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால் போய் விசாரிப்பது, அப்பாவின் ஆண்டுத் திவசப் பூசைக்கு இரு வீட்டுப் பெயரிலும் சேர்த்துக் காசு கட்டுவது. அண்ணன் கதவைச் சாத்தினாலும் நீங்கள் போனது போனதுதான். நாற்பது நாள் பசியைவிட அந்த வாசல்வரை நடப்பது கடினம் என்பதை அறிந்தே எழுதுகிறேன். அதற்காக ஒருசந்தியை விட்டுவிடவும் வேண்டாம். நடப்பதற்குப் பலம் வேண்டி அதை ஒப்புக்கொடுங்கள்.

மன்னிக்க வேணும், மன்னிக்க வேணும் எண்டு பிரசங்கத்திலை சொல்லுகினம். பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் குடுத்துப்போட்டு இண்டுவரைக்கும் தேடுற எனக்கு அது எப்பிடி ஏலும்?

ஒரு தாய் சிலுவைப்பாதை முடிந்த பின் கேட்டது. இதை இந்தப் பக்கத்தில் சேர்ப்பதா என்று நெடுநேரம் யோசித்தேன். அவருடைய இழப்பு எனக்கு நேர்ந்ததல்ல. ஆகையால் அவர் எப்போது, எப்படி மன்னிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. திருச்சபை எதைக் கேட்கவில்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லலாம். நடந்தது குற்றமில்லை என்று சொல்லும்படி அது கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்பதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவரும் தாய்மார், மன்னிப்புக்கு எதிராக உட்கார்ந்திருக்கவில்லை. உண்மையைக் கேட்பது பகை அன்று.

இயேசு சிலுவையில் தொங்கியபோது தம்மை அறைந்தவர்களை மன்னிக்குமாறு தந்தையிடம் கேட்டார். அதே சிலுவையிலிருந்து, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற 22ஆம் திருப்பாடலையும் சொன்னார். எவ்வளவு காலம், ஆண்டவரே என்று தொடங்கும் 13ஆம் திருப்பாடலும் செபம்தான். என்னால் இயலவில்லை என்று கடவுளிடம் சொல்வதும் செபமே; அந்தத் தாய் நற்கருணைக்கு முன் சொல்ல வேறு சொல் இல்லையென்றால் அதையே சொல்லலாம். நான்காம் நிலையில் மரியாள் மகனைச் சந்திக்கிறார். அந்த நிலையில் எங்கள் பங்கில் இப்போது சற்று அதிக நேரம் மௌனமாக நிற்கிறோம்.

உயிர்த்த ஞாயிறோடை எல்லாம் முடிஞ்சுதானே? பிறகு பழையபடி இருக்கலாமோ?

நோன்பு முடிகிறது, முடிய வேண்டும். பெந்தகோஸ்து வரையான 50 நாட்கள் மகிழ்ச்சியின் காலம். தவக்காலம் முழுவதும் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவை, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் திரும்ப எடுக்கிறோம். அன்று இருளில் மெழுகுதிரி ஏந்தி நின்று ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம், நாற்பது நாட்களும் ஆயத்தமானது அந்த மறுமொழியைச் சொல்வதற்கே. ஆகவே இறைச்சியையும் பலகாரத்தையும் மனநிறைவோடு சாப்பிடுங்கள். அன்றும் ஒறுத்தல் பிடிப்பது பக்தி ஆகாது.

பழகிய ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்க முடியுமா என்று வகுப்பில் கேட்பதுண்டு. எங்கள் வீட்டில் பிடியரிசிச் சட்டியை உயிர்ப்பு ஞாயிறன்று கழுவிக் கவிழ்ப்பதில்லை. திங்கட்கிழமை காலையிலும் அது அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.